அமெரிக்காவில் வாக்குரிமை எங்கே தேய்கிறது? தம்பிக்கு என்ன பதில் சொல்வது?

உவர்மலை டீச்சர்:

வணக்கம். நான் திருகோணமலையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு அரசறிவியல் படிப்பிக்கிறேன். தம்பி குடும்பத்தோடு ஜோர்ஜியா மாநிலத்தில் அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் இருக்கிறான், அண்மையில்தான் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. கிடைத்த புதிதில் வேட்பாளர்களைப் பற்றியெல்லாம் எனக்கு விளக்கம் சொன்னவன், இப்போது 2026 நவம்பர் 3இல் வரும் இடைக்காலத் தேர்தலைப் பற்றிக் கேட்டால் "விடு அக்கா, எல்லாத்தையும் அவங்களே கீறி வச்சிட்டாங்கள், நான் போட்டு என்ன ஆகப்போகுது" என்கிறான்.

குடும்ப வட்ஸ்அப்பில் நிலைமை இன்னும் மோசம். ஒஹாயோவில் இருக்கும் மச்சான் 2020 தேர்தலே களவு என்று நம்புகிறார். நியூ ஜெர்சியில் இருக்கும் சித்தியின் மகள் இனி அங்கே ஒழுங்கான தேர்தலே நடக்காது என்று நம்புகிறாள். இரண்டு பேரும் கதைப்பதில்லை. அவளுடைய மகளின் சாமத்தியவீட்டுக்குக்கூட அவர் போகவில்லை.

இதற்கிடையில் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: இனத்தையும் நிறத்தையும் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று 1870இலேயே 15ஆம் திருத்தத்தில் எழுதிவிட்டார்களே, அப்படியென்றால் 1965இல் எதற்கு இன்னொரு சட்டம்? பாடப்புத்தகத்தில் உள்ள பதிலைச் சொன்னேன். ஆனால் அவள் கேட்டது அதைவிடப் பெரிய கேள்வி. ஒருவருடைய வாக்குரிமையை யாரும் ரத்துச் செய்யாமலே இல்லாமல் ஆக்க முடியுமா?

அங்கே இருப்பவர்கள், வாசித்தவர்கள், தேர்தல் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள். உண்மையில் தேய்வது எது, வெறும் கட்சிச் சத்தம் எது, புதிதாக வாக்காளரான ஒருவர் செய்யக்கூடியது என்ன? தயவுசெய்து டிரம்ப் நல்லவரா கெட்டவரா என்று தொடங்க வேண்டாம். அதற்கு நூறு பதில் வரும், என் கேள்வி அப்படியே கிடக்கும்.

மூதூர் வாசகன்:

டீச்சர், உங்கள் மாணவி நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறாள். நான் அரச சேவையில் இருந்த காலத்தில் தேர்தலுக்குத் தேர்தல் சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலராகப் போனவன், அதனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு தனி அக்கறை உண்டு.

1870இல் எழுதியது எங்கும் போகவில்லை. இன்றுவரை அரசியலமைப்பில் இருக்கிறது. தென்மாநிலங்கள் செய்தது என்னவென்றால், அந்த வரியில் கை வைக்காமல் அதைச் சுற்றியிருந்த எல்லாவற்றையும் மாற்றியது. மிசிசிப்பியின் 1890 அரசியலமைப்பை எடுங்கள். வாக்களிக்க வரி கட்ட வேண்டும், அப்புறம் அரசியலமைப்பின் ஒரு பகுதியை வாசிக்க வேண்டும் அல்லது வாசித்துக் காட்டினால் விளக்கம் சொல்ல வேண்டும். விளக்கம் சரியா பிழையா என்று முடிவு செய்வது யார்? பதிவு மேசையில் இருக்கும் எழுதுவினைஞர். கறுப்பினத்தவர் என்ற சொல்லே சட்டத்தில் வராது. ஆனால் எந்தப் பகுதியை யாருக்குக் கொடுப்பது, யாரைச் சித்தியடைய விடுவது என்ற அதிகாரம் முழுவதும் அந்த மேசையில் இருந்தது. 1962இல் ஃபானி லூ ஹேமர் என்ற பெண் வாக்காளராகப் பதியப் போனார். பருத்தித் தோட்டத்தில் வேலை செய்தவர். அவர் திரும்பி வந்ததும் தோட்ட முதலாளி, பதிவை வாபஸ் வாங்கு அல்லது இடத்தைக் காலி செய் என்றார். அவர் இடத்தைக் காலி செய்தார்.

1965 மார்ச் 7இல் அலபாமாவின் செல்மாவில் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் ஊர்வலம் போனவர்களை மாநிலப் பொலிஸ் அடித்து நொறுக்கியது. மண்டை உடைந்தவர்களில் ஒருவர் ஜான் லூயிஸ், பிறகு நீண்ட காலம் அட்லாண்டாவின் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தவர். உங்கள் தம்பிக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். அந்த ஆண்டு ஆகஸ்ட் 6இல் ஜனாதிபதி ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன் உயிர் 5ஆம் பிரிவில் இருந்தது. இனம் பார்த்து வாக்காளரைத் தடுத்த பழைய வரலாறு உள்ள மாநிலங்களும் கவுண்டிகளும் (நம்முடைய மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பிரிவு) வாக்களிப்பில் எந்த மாற்றம் செய்வதானாலும், ஒரு வாக்களிப்பு நிலையத்தை அடுத்த தெருவுக்கு மாற்றுவதானாலும்கூட, முதலில் மத்திய நீதித் திணைக்களத்திடமோ வாஷிங்டன் நீதிமன்றத்திடமோ அனுமதி எடுக்க வேண்டும். பாதிக்கப்பட்டவன் வழக்குப் போட்டு நாலு வருடம் அலையத் தேவையில்லை, மாற்றம் செய்பவன்தான் அது நியாயம் என்று முன்கூட்டியே காட்ட வேண்டும். மிசிசிப்பியில் சட்டத்துக்கு முன் கறுப்பின மக்களில் நூற்றுக்கு 7 பேர் அளவில்தான் பதிந்திருந்தார்கள். 1967இல் அது 60 அளவுக்கு வந்துவிட்டது.

இந்தச் சட்டத்தை 2006இல் நீடித்தபோது செனட்டில் 98 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒருவர்கூட இல்லை. கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ். வாக்குரிமை அங்கே எப்போதுமே ஒரு கட்சியின் சொத்தாக இருந்தது என்று நினைப்பவர்கள் அந்த 98ஐ ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஏழு வருடம் கழித்து, 2013 ஜூன் 25இல், ஷெல்பி கவுண்டி வழக்கில் உயர் நீதிமன்றம் 5க்கு 4 என்று, எந்தெந்த இடங்களுக்கு முன்அனுமதி தேவை என்று தீர்மானிக்கும் சூத்திரம் பழசாகிவிட்டது, செல்லாது என்றது. 5ஆம் பிரிவு புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் அது யாருக்கும் பொருந்தாது. மழையில் நனையவில்லை என்பதற்காகக் குடையை எறிவது போன்ற வேலை என்று மாறுபட்ட தீர்ப்பில் நீதியரசர் ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதினார். தீர்ப்பு வந்த அன்றே டெக்சாஸ் தன்னுடைய கடுமையான அடையாள அட்டைச் சட்டத்தை அமுலுக்குக் கொண்டுவரப் போவதாக அறிவித்தது. வட கரோலினா சில வாரங்களில் இன்னொரு சட்டம் கொண்டுவந்தது, அதைக் கறுப்பின வாக்காளர்களைக் குறிவைத்துச் செய்யப்பட்டது என்று சொல்லி மேன்முறையீட்டு நீதிமன்றம் 2016இல் தூக்கி எறிந்தது. ஆனால் பாருங்கள், இடையில் மூன்று வருடம் போய்விட்டது, அதற்குள் ஒரு பொதுத் தேர்தலும் நடந்து முடிந்துவிட்டது.

ஆகவே மாணவிக்குப் பதில்: முடியும். வாக்காளர் இடாப்பு யார் கையில், தொகுதி எல்லை கீறும் பேனா யார் கையில், திகதி குறிப்பவர் யார் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஹூஸ்டன் திருமலையான்:

மூதூர் ஐயா வரலாற்றைச் சொல்லிவிட்டார், நான் இங்கே நடப்பதைச் சொல்கிறேன். நான் அலஸ்தோட்டத்துப் பிள்ளை, இப்போது டெக்சாஸில்.

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் விளங்க வேண்டியது, இங்கே நம்முடைய தேர்தல்கள் ஆணைக்குழு மாதிரி நாட்டுக்கு ஒன்று இல்லை. 50 மாநிலம், மூவாயிரத்துக்கு மேற்பட்ட கவுண்டி, ஒவ்வொன்றும் தன் தேர்தலைத் தானே நடத்துகிறது. பல மாநிலங்களில் தேர்தலுக்குப் பொறுப்பான மாநிலச் செயலாளரே கட்சிச் சின்னத்தில் போட்டியிட்டு வந்தவர். தேர்தல் நாள் செவ்வாய்க்கிழமை, 1845இல் குதிரை வண்டிக் காலத்தில் போட்ட சட்டம். நாடு முழுவதற்கும் விடுமுறை கிடையாது. மணித்தியாலச் சம்பளத்துக்கு வேலை செய்பவர் வரிசையில் நிற்கும் நேரத்தைத் தன் கூலியில் இருந்துதான் கொடுக்கிறார். 2020இல் கொரோனா நேரம் எங்கள் ஆளுநர், தபால் வாக்கை நேரில் கொண்டுவந்து கொடுக்கக் கவுண்டிக்கு ஓர் இடம் போதும் என்று உத்தரவு போட்டார். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் அப்போதே 47 லட்சம் மக்கள். அதற்கும் ஒன்று, சில நூறு பேர் இருக்கும் கவுண்டிக்கும் ஒன்று. அதே தேர்தலில் ஹாரிஸில் இரவிரவாக 24 மணி நேரமும் வாக்களிக்க வசதி செய்தார்கள், ஆஸ்பத்திரித் தாதிமாரும் துறைமுகத் தொழிலாளரும் வேலை முடிந்து வந்து போட்டார்கள். 2021இல் சட்டம் கொண்டுவந்து அதையும் நிறுத்தியாயிற்று.

டீச்சரின் தம்பி "கீறி வச்சிட்டாங்கள்" என்பது எல்லையைத்தான். பத்து வருடத்துக்கு ஒருமுறை சனத்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு பிரதிநிதிகள் சபைத் தொகுதிகளைப் புதிதாக வரைவது வழக்கம், பெரும்பாலான மாநிலங்களில் வரைவது மாநிலச் சட்டசபை, அதாவது அன்று பெரும்பான்மை உள்ள கட்சி. கட்சி லாபத்துக்காக எல்லை வளைப்பதை மத்திய நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்று 2019இல் ருச்சோ வழக்கில் உயர் நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. அதன் பலனை 2025இல் பார்த்தோம். பத்து வருடம் முடியும் முன்பே, ஜனாதிபதி டிரம்ப் கேட்டார் என்று டெக்சாஸ் குடியரசுக் கட்சி எல்லையை மாற்றி வரைந்தது. இருந்த 38 தொகுதிகளில் 25 அவர்களிடம், புது வரைபடத்தின் குறி 30. ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் சபையில் கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள்) இல்லாமல் செய்ய மாநிலத்தை விட்டே வெளியேறிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. பதிலுக்குக் கலிஃபோர்னியா தன்னுடைய சுயாதீன ஆணைக்குழு வரைந்த வரைபடத்தை ஒதுக்கிவைத்து, ஜனநாயகக் கட்சிக்கு ஐந்து கூடுவது போல் ஒன்றை 2025 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேற்றியது. அங்கே மக்களிடமாவது கேட்டார்கள், இங்கே எங்களிடம் யாரும் கேட்கவில்லை, அந்த வித்தியாசத்தை நான் மறைக்கமாட்டேன். ஆனாலும் கலிஃபோர்னியா செய்ததை என்னால் கொண்டாட முடியவில்லை. ஒரு சுயாதீன ஆணைக்குழுவை உருவாக்க எத்தனை வருடப் போராட்டம், அதை ஒதுக்க ஒரு தேர்தல் போதுமாக இருந்தது.

பிளவு பிளவு என்கிறார்களே, அதில் பாதி இந்த எல்லைகளில் இருந்துதான் வருகிறது என்பது என் அபிப்பிராயம். 435 தொகுதிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் எந்தக் கட்சி வெல்லும் என்று முன்கூட்டியே தெரியும். அப்படியென்றால் உண்மையான தேர்தல், கட்சிக்குள் வேட்பாளரைத் தெரிவு செய்யும் முதற்சுற்று. அதற்குப் போவது கொஞ்சப் பேர், கட்சியில் தீவிரமானவர்கள். உறுப்பினர் அவர்களுக்கு மட்டும்தான் பயப்படுவார். அடுத்த கட்சிக்காரனோடு சேர்ந்து ஒரு நல்ல சட்டம் கொண்டுவந்தால் அதுவே அவருக்குக் குற்றப்பத்திரிகை.

ஆனால் தம்பியிடம் இதையும் சொல்லுங்கள் டீச்சர். செனட்டர், ஆளுநர், மாநிலச் செயலாளர் எல்லாம் ஜோர்ஜியா முழுவதற்குமான தெரிவு. அங்கே எல்லை கீறி ஒன்றும் செய்ய முடியாது. 2026இல் இந்த மூன்றும் அவருடைய வாக்குச்சீட்டில் இருக்கும். 2020இல் ஜோர்ஜியாவில் ஜனாதிபதித் தேர்தல் முடிவான வித்தியாசம் 11,779 வாக்கு, ஐம்பது லட்சத்துக்குள். "நான் போட்டு என்ன" என்ற கேள்வியை அந்த மாநிலத்தில் இருந்துகொண்டு கேட்கக் கூடாது.

கிண்ணியா நானா:

எல்லாம் சரி, ஆனால் அடையாள அட்டை விஷயத்தில் எனக்கு விளங்கவில்லை. நாங்கள் எல்லோரும் அடையாள அட்டை இல்லாமல் வாக்குப் போடுகிறோமா? அட்டை கேட்காத காலத்தில் இந்த நாட்டில் கள்ள வாக்கு எப்படி விழுந்தது, செத்தவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் காலை ஏழு மணிக்கே வாக்குப் போட்டுவிட்டுப் போன கதையெல்லாம் மூதூர்க்காரருக்குத் தெரியாததா? அட்டை கேட்பதை அநியாயம் என்றால் அமெரிக்காவில் குடியரசுக் கட்சிக்காரர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது என்றுதான் சொல்வேன். தபால் வாக்கும் அப்படித்தான், வீட்டுக்கு வந்த சீட்டில் கை வைத்தது யார் என்று யார் பார்த்தது?

மூதூர் வாசகன்:

நானா, கேட்டது நல்லது. அட்டை கேட்பது அநியாயம் இல்லை, அதில் நானும் உங்கள் பக்கம்.

ஆனால் இங்கே அட்டை எப்படிக் கிடைக்கிறது? பாடசாலை வயதிலேயே அதிபர் ஊடாகவோ கிராம அலுவலர் ஊடாகவோ விண்ணப்பிக்க வைக்கிறார்கள். இடாப்பைப் பாருங்கள், ஒவ்வொரு வருடமும் அந்தக் கிராம அலுவலர் வீட்டுக்கு வந்து அல்லது படிவம் தந்து, யார் இருக்கிறார்கள், யார் போனார்கள், யார் காலமானார்கள் என்று திருத்துகிறார். அட்டை தொலைந்தவருக்குத் தேர்தலுக்கென்று தற்காலிக அடையாள அட்டை கொடுக்கிறார்கள். சம்பூர் சனம் 2006இல் இடம்பெயர்ந்து வருடக்கணக்கில் முகாம்களில் கிடந்தது. அப்படிப்பட்டவர்கள் தங்கள் பழைய முகவரியிலேயே வாக்காளராகப் பதிய 2013இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். குறை ஆயிரம் இருக்கும், நேரில் பார்த்தவன் நான். ஆனால் உன்னைத் தேடி வந்து பதிவது அரசின் கடமை என்ற எண்ணம் இந்த முறையின் அடியில் இருக்கிறது.

அமெரிக்காவில் தேசிய அடையாள அட்டையே இல்லை. அட்டை என்றால் சாரதி அனுமதிப்பத்திரம், கடவுச்சீட்டு. கார் ஓடாத கிழவி என்ன செய்வாள்? டெக்சாஸ் சட்டத்தில் கைத்துப்பாக்கி அனுமதிப்பத்திரத்தைக் காட்டி வாக்களிக்கலாம், அரச பல்கலைக்கழகத்தின் மாணவர் அட்டையைக் காட்டினால் செல்லாது. அட்டை கேட்பது ஒன்று, எந்த அட்டை செல்லும் என்று தெரிவு செய்வது வேறொன்று. இரண்டாவதில்தான் விளையாட்டு. தபால் வாக்குக்கு வந்தால், 2020க்கு முன்பே முழுத் தேர்தலையும் தபாலில் நடத்திய மாநிலங்களில் யூட்டாவும் ஒன்று. அது குடியரசுக் கட்சியின் கோட்டை. சீட்டோடு வரும் கையெழுத்தை இடாப்பில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எண்ணினார்கள்.

எல்லையைப் பற்றி ஹூஸ்டன் தம்பி எழுதியதை வாசித்தபோது எனக்கு எங்கள் மாவட்டம்தான் கண்ணில் வந்தது. மூதூர் ஒரு காலத்தில் இரட்டை அங்கத்தவர் தொகுதி. 1970இல்கூட ஒரு முஸ்லிமும் ஒரு தமிழரும் அங்கிருந்து பாராளுமன்றம் போனார்கள். 1976 எல்லை நிர்ணயத்தில் சேருவில தனித் தொகுதியாகப் பிரிந்தது, 1977இல் மூதூரில் இருந்து போனவர் ஒருவர். அல்லை, கந்தளாய்க் குடியேற்றங்களுக்குப் பிறகு கோடு எங்கே விழுந்தது என்பதை இந்த மாவட்டத்தில் மூன்று சமூகமும் மூன்று விதமாகச் சொல்லும். ஆனால் கோட்டுக்கு அந்தப் பலம் இருக்கிறது என்பதில் மூன்று சமூகத்துக்கும் ஒரே கருத்து.

கிண்ணியா நானா:

விளங்குது. எந்த அட்டை என்ற கதை எனக்குத் தெரியாது. ஆனால் அட்டை கேட்டாலே அடக்குமுறை என்று கத்துபவர்களோடு எனக்கு இன்னும் உடன்பாடில்லை. எல்லோருக்கும் இலவசமாக ஒரு அட்டையை வீடு தேடிக் கொடுத்துவிட்டு அப்புறம் கேளுங்கள் என்று இரண்டு கட்சியும் சேர்ந்து சொன்னால் முடிகிற சண்டைதானே இது.

உவர்மலை டீச்சர்:

நானா சொன்னதை நாளைக்கே வகுப்பில் விவாதத்துக்குப் போடப்போகிறேன். ஹூஸ்டன் தம்பி, 2020ஐப் பற்றி ஒஹாயோ மச்சானிடம் என்ன சொல்வது? திட்டினால் இன்னும் இறுகிப் போகிறார். அவர் கெட்டவர் இல்லை, 83 இனக் கலவரத்தில் கடை எரிந்து கையில் ஒன்றும் இல்லாமல் கப்பலேறி ஓடியவர், எந்த அரசாங்கத்தையும் நம்பமாட்டார்.

ஹூஸ்டன் திருமலையான்:

அப்படிப்பட்டவரிடம் ஊடகம் சொன்னது, நிபுணர் சொன்னார் என்று போகாதீர்கள் அக்கா. அவருடைய சொந்தக் கட்சி ஆட்கள் செய்ததைச் சொல்லுங்கள். ஜோர்ஜியாவில் தேர்தலுக்குப் பொறுப்பாக இருந்தவர் பிராட் ராஃபென்ஸ்பெர்கர், குடியரசுக் கட்சி, டிரம்புக்கே வாக்களித்தவர். ஐம்பது லட்சம் சீட்டையும் கையால் எண்ண வைத்தார். பைடனின் வெற்றி மாறவில்லை. 2021 ஜனவரி 2இல் அப்போது ஜனாதிபதியாக இருந்த டிரம்பே தொலைபேசியில் 11,780 வாக்கைத் தேடித் தா என்று கேட்டார், ஒலிப்பதிவு இருக்கிறது, மச்சான் தன் காதால் கேட்கலாம். ராஃபென்ஸ்பெர்கர் மறுத்தார். நீதிமன்றங்களில் அறுபதுக்கு மேற்பட்ட வழக்கு, தள்ளுபடி செய்தவர்களில் டிரம்ப் நியமித்த நீதிபதிகளும் உண்டு. அரிசோனாவில் மாநில செனட்டின் குடியரசுக் கட்சியினர் தாங்களே ஆள் பிடித்து மரிக்கோபா கவுண்டிச் சீட்டுகளைத் திரும்ப எண்ண வைத்தார்கள், பைடனுக்குப் பழைய கணக்கைவிடச் சில வாக்குகள் கூடவே வந்தது.

அட்லாண்டாவில் வாக்கு எண்ணும் வேலை செய்த ஒரு தாயையும் மகளையும் களவு செய்தார்கள் என்று நாடு முழுக்கப் படம் போட்டுக் காட்டினார்கள். கொலை மிரட்டல் வந்து தாய் வீட்டை விட்டே போக வேண்டியிருந்தது. அந்தப் பொய்யைப் பரப்பிய டிரம்பின் வழக்கறிஞர் ரூடி ஜூலியானி 14 கோடி 80 லட்சம் டொலர் கொடுக்க வேண்டும் என்று 2023இல் ஜூரி தீர்த்தது. எனக்கு எல்லாவற்றையும்விட இதுதான் பயம். இங்கே வாக்களிப்பு நிலையத்தில் வேலை செய்வது பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆட்கள், சின்னக் கொடுப்பனவுக்கு விடியப்புறம் எழும்பி வருபவர்கள். அவர்கள் பயந்து விலகினால் அந்த நாற்காலியில் யார் வந்து இருப்பார்?

நல்லதும் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். 2021 ஜனவரி 6இல் டிரம்ப் ஆதரவாளர்கள் காங்கிரஸ் கட்டடத்துக்குள் புகுந்த கலவரத்துக்குப் பிறகு, 2022 டிசம்பரில் இரண்டு கட்சியும் சேர்ந்து வாக்கெண்ணும் சட்டத்தைத் திருத்தின. துணை ஜனாதிபதிக்கு முடிவை மாற்றும் அதிகாரம் எதுவும் இல்லை என்று தெளிவாக எழுதியாயிற்று. முன்பு ஒவ்வொரு சபையிலும் ஒரு உறுப்பினர் எழும்பினாலே ஆட்சேபனை, இப்போது ஐந்தில் ஒரு பங்கினர் வேண்டும்.

நிலாவெளி மதி:

மூதூர் ஐயா திகதி என்று தொட்டுவிட்டு விட்டுவிட்டார், நான் அதைப் பிடிக்கிறேன்.

கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. சபை இருந்தது எங்கள் ஊரில். அன்றிலிருந்து கிழக்கில் யாரும் மாகாண சபைக்கு வாக்களிக்கவில்லை. வாக்குரிமையை யாராவது ரத்துச் செய்தார்களா? இல்லை. தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் கொண்டுவந்தார்கள், அதற்கு எல்லை நிர்ணயம் வேண்டும் என்றார்கள், அறிக்கை வந்தது, 2018இல் பாராளுமன்றத்தில் அதை ஆதரித்து ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. கதை அங்கேயே நின்றது. ஆளுநர் வருகிறார், போகிறார். கடைசி மாகாண சபைத் தேர்தல் நடந்த 2012இல் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிள்ளை இப்போது வாக்களிக்கும் வயதுக்கு வந்துவிட்டது.

உள்ளூராட்சித் தேர்தலும் அப்படித்தான் போயிருக்கும். 2023 மார்ச் 9இல் நடக்க வேண்டியது, காசு இல்லை என்று தள்ளினார்கள். ஆனால் அதற்குச் சிலர் வழக்குப் போட்டார்கள். 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று தீர்த்தது, 2025 மே 6இல் தேர்தல் நடந்தது. வழக்குப் போட்டவர்கள் இல்லையென்றால் அதுவும் மாகாண சபையின் வழியில்தான் போயிருக்கும் என்பது என் நம்பிக்கை.

இதையெல்லாம்விடப் பழைய காயம் மலையகம். ஆசியாவிலேயே முதலில் 1931இல் சர்வசன வாக்குரிமை பெற்ற நாடு என்று பெருமைப்படுகிறோம். சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம், 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம். ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட தோட்டத் தொழிலாளர் நாடற்றவர் ஆனார்கள். 1947இல் வாக்களித்தவர்கள் 1952இல் இடாப்பில் இல்லை. எல்லோருக்குமான பிரச்சினை தீர 2003 வரை போக வேண்டியிருந்தது. அன்று பாராளுமன்றத்தில் கையை உயர்த்தியவர்கள் அது வேறு யாருடையதோ பிரச்சினை என்று நினைத்தார்கள். அமெரிக்காவில் இப்போது இரண்டு பக்கமும் அப்படி நினைக்கத் தொடங்கியிருக்கிறது என்பதுதான் என் கவலை. எங்களுக்கு லாபமான விதி நல்ல விதி, எங்களுக்கு நட்டமான விதி களவு. ராஃபென்ஸ்பெர்கர் மாதிரித் தன் பக்கத்துக்கே இல்லை என்று சொல்லக்கூடிய ஆட்களை அடுத்த தேர்தலில் தோற்கடிப்பதா காப்பாற்றுவதா என்று முடிவு செய்வது, அதே கட்சியின் சாதாரண வாக்காளர்தான். 2022இல் ஜோர்ஜியாவின் குடியரசுக் கட்சிக்காரர் அவரைக் காப்பாற்றினார்கள், டிரம்ப் ஆதரித்த ஆளை முதற்சுற்றிலேயே தோற்கடித்தார்கள். டீச்சர், இதை மச்சானுக்குக் கட்டாயம் அனுப்புங்கள்.

உவர்மலை டீச்சர்:

அனுப்பிவிட்டேன் மதி. வாசித்திருக்கிறார், பதில் இல்லை. சரி, தம்பிக்குச் செய்ய என்ன இருக்கிறது என்று யாராவது சொல்லுங்கள்.

ஹூஸ்டன் திருமலையான்:

முதல் வேலை, ஜோர்ஜியா மாநிலச் செயலாளரின் இணையத்தளத்தில் தன் பெயரைப் போட்டுப் பதிவு இருக்கிறதா என்று பார்க்கட்டும். பதிந்தாயிற்று என்று சும்மா இருக்கக் கூடாது, வீடு மாறியவர், நீண்ட காலம் வாக்களிக்காதவர் பெயரை நீக்கும் வழக்கம் அங்கே உண்டு. பதிவு தேர்தலுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பே மூடிவிடும். செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம், ஜோர்ஜியாவில் மூன்று வாரம் முன்பே நேரில் வாக்களிக்கத் தொடங்கலாம், சனிக்கிழமையும் உண்டு. மே மாத முதற்சுற்றைத் தவற விடக் கூடாது, அங்கே எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கலாம், கட்சி அங்கத்தவராக இருக்கத் தேவையில்லை. நேரம் இருந்தால் கவுண்டி தேர்தல் அலுவலகத்தில் வாக்களிப்பு நிலைய வேலைக்கு விண்ணப்பிக்கட்டும். பயிற்சி தருவார்கள். எப்படி எண்ணுகிறார்கள் என்று உள்ளே இருந்து பார்த்த ஒருவர் குடும்ப வட்ஸ்அப்பில் இருந்தால் மச்சானுக்கும் சித்தி மகளுக்கும் சேர்த்து அவரே பதில் சொல்லலாம்.

கிண்ணியா நானா:

ஒரு கேள்வி. என் மருமகன் கிரீன் கார்ட்டில் இருக்கிறார், மிச்சிகனில். அவரும் வரி கட்டுகிறார்தானே, வாக்களிக்கலாமா?

ஹூஸ்டன் திருமலையான்:

கூடவே கூடாது நானா, இதை எல்லோரும் கவனமாக வாசியுங்கள். பிரஜை அல்லாதவர் மத்திய தேர்தலில் வாக்களிப்பது 1996 சட்டப்படி குற்றம், நாடு கடத்தவும் காரணமாகும். 1993 சட்டப்படி சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கும் இடத்திலேயே வாக்காளராகப் பதிகிறாயா என்று கேட்பார்கள். அந்தப் படிவத்தில் பிரஜையா என்ற இடத்தில் தெரியாமல் ஆம் என்று போட்டால்கூடப் பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தில் பெரிய தலையிடி. மருமகனிடம் இன்றைக்கே சொல்லுங்கள். ஏற்கெனவே பதிவாகியிருந்தால் தானாக எதுவும் எழுதிக் கொடுக்காமல் முதலில் ஒரு குடிவரவு வழக்கறிஞரைப் பார்க்கட்டும்.